இருபத்தேழாம் எண் வீடு

தேவமணி டீச்சரிடம் ஒரு நோட்டு உண்டு. பச்சை அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. டிசம்பர் மாதம் கேரல் பாட வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியின் ஓரத்தில், ஓடைக்கும் உப்பளத்துக்கும் இந்தப் பக்கம், அவர்கள் சபையைச் சேர்ந்த வீடுகள் அத்தனையும் நடக்கிற வரிசையில் அதில் இருக்கும். வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர், ஓட்டு வீடா ஷீட்டு வீடா, எத்தனை பேர், நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அது, நாய் இருந்தால் அதுவும். நாயை மட்டும் சிவப்பு மையில் எழுதுவார். ஒரு வருஷம் கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட பெவினை ஒரு நாய் கெண்டைக்காலில் கவ்விவிட்டது. அதிலிருந்து அந்த ஏற்பாடு.

சும்மா சொல்லக் கூடாது, கச்சிதமான ஆள். சாயர்புரத்தில் பிறந்து அங்கேயே படித்து, தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மளிகைக்கு லிஸ்ட், கல்யாணத்துக்குச் சொல்ல லிஸ்ட், புருஷன் ஞானையாவின் மாத்திரைக்கு லிஸ்ட். “நான் செத்தா பெட்டிக்குப் பின்னால யாரு யாரு எந்த வரிசைல வரணும்னு இப்பவே எழுதி வச்சிருப்பா” என்று ஞானையா ஆள் கிடைத்தால் சொல்லுவார். அவர் ஹார்பரில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு ஜாஸ்தி, வேலை குறைச்சல் என்பது டீச்சரின் கட்சி.

நோட்டில் எண்கள் நாற்பத்து மூன்று. வீடு நாற்பத்திரண்டுதான். இருபத்தேழாம் எண்ணில் இருந்த பெயரின் மேல் சிவப்புக் கோடு கிடந்தது. டீச்சர் ஸ்கேல் வைத்து அடித்த கோடு.

விக்டோரியா என்பது அந்தப் பெயர். அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இருபத்தைந்து வருஷம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டிருக்கிறார்கள். ஊரே டீச்சர் என்று கூப்பிடுகிற ஆளை ‘மணி’ என்று கூப்பிட ஒருத்திக்குத்தான் வாய் இருந்தது. பிறகு விக்டோரியாவின் புருஷனுக்குக் கிட்னி போயிற்று. சபையிலிருந்து ஒரு தடவை ஆப்பிளோடு போய்ப் பார்த்தார்கள். டீச்சருக்குப் பேப்பர் திருத்துகிற வேலை, இரண்டு தடவைக்கு மேல் போகவில்லை. முத்தையாபுரத்தில் ஷெட்டு போட்டு நடத்தின ஜெபவீட்டுப் பாஸ்டர் மட்டும் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் மாதம் விக்டோரியா ஜெபவீட்டுக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். டீச்சருக்கு அது மீன் மார்க்கெட்டில் மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்தது.

“எத்தன வருசப் பழக்கம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாளா?” என்று அன்றைக்கு ஞானையாவிடம் பொரிந்துவிட்டு, நோட்டையும் ஸ்கேலையும் எடுத்தார். இதற்குக் கமிட்டி எதுவும் தீர்மானம் போடவில்லை. சபைப் போதகர் ஐயரும் சொல்லவில்லை. சபை மாறினவர்கள் வீட்டுக்குக் கேரல் போகக் கூடாது என்றும் கிடையாது. முப்பத்தெட்டாம் எண் வீட்டில் பாதிப்பேர் ஜெபவீடுதான். அங்கே போய்ப் பாடிவிட்டு முறுக்கும் தின்றுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கோடு டீச்சருடைய சொந்தக் கோடு.

அது நடந்து மூன்று வருஷம். நடுவில் ஜெபவீட்டுப் பாஸ்டர் கோயம்புத்தூர் போய்விட்டார், ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். போன டிசம்பரில் கேரல் போனபோது, ஓடைக்கரைச் சந்தில் விக்டோரியா வாசலில் ஸ்டார் கட்டி லைட் போட்டு, கையில் அச்சுமுறுக்குத் தட்டோடு நின்றாள். “டீச்சர், விக்டோரியாக்கா நிக்கிறாவ” என்றான் பெவின், தாத்தா முகமூடிக்குள் இருந்து. டீச்சர் நோட்டைப் பார்த்தபடி, “அடுத்த வீடு” என்றார். பத்துப் பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

இந்த வருஷம் புயல் வந்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்குப் புயல் மேல் நம்பிக்கை கிடையாது. எதிரே இலங்கை மறித்துக்கொண்டு கிடக்கிறது, எது வந்தாலும் அதில் முட்டித் திரும்பிவிடும் என்பது எண்ணம். வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியபோது ஞானையா சிரித்தார். “வருசத்துக்கு நாலு தடவ ஏத்துதான். கூண்டுக்குத் துருப்பிடிக்காம இருக்கணும்லா.” சனிக்கிழமை காலை எட்டாம் எண் கூண்டு என்று டிவியில் ஓடியது. அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க்கின் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினார்.

பத்து மணிக்கு சபைப் போதகர் கிங்ஸ்டன் ஐயர் போன் செய்தார். “டீச்சர், ஒங்க கேரல் நோட்ட எடுங்க. ஒரு வீடு விடாமக் கூப்புட்டுப் பாத்துருங்க. ஷீட்டு வீடு, ஓட்டு வீட்டுல உள்ளவங்கள நம்ம ஸ்கூல் ஹால்ல கொண்டு வந்துருவோம். வண்டி சொல்லியாச்சு. ஜெயசிங்க அனுப்புதேன்.”

ஜெயசிங் கோயில்குட்டியார். கோயிலில் மணியடிப்பது, விளக்குப் போடுவது, பூட்டித் திறப்பது எல்லாம் அவன் பொறுப்பு. நாசரேத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, ஊர் இன்னும் பிடிபடவில்லை. டீச்சர் போனில் சொல்லச் சொல்ல, அவன் குட்டியானை வண்டியில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றினான்.

டீச்சர் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்து உட்கார்ந்தார். “ஒண்ணாம் நம்பர், தங்கதுரை வீடா? எத்தன பேரு இருக்கிய? அப்பாவுக்கு இன்சுலின் எடுத்து வச்சாச்சா?” ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிக். வெளியே காற்று இரைச்சல் போட ஆரம்பித்திருந்தது, முருங்கை மரம் சுவரில் உரசியது. ஆனால் டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது, பொய் சொல்வானேன். ரிட்டயர் ஆன பிறகு இத்தனை பேர் தன் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் நடந்தது இல்லை.

மூன்றரை மணிக்கு ஜெயசிங் கூப்பிட்டான். காற்றில் அவன் குரல் பிய்ந்து பிய்ந்து வந்தது.

“டீச்சர், ஓடைக்கரைச் சந்து முக்குல நிக்கேன். வண்டில நாலு பேருதான் இருக்காவ. இதுக்குள்ள நம்ம ஆளு யாரும் உண்டுமா? தண்ணி ஏறிக்கிட்டு வருது.”

டீச்சரின் விரல் இருபத்தாறில் இருந்தது. அடுத்த வரியைப் பார்த்தார். கோட்டுக்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. விக்டோரியா, ஷீட்டு வீடு, ஒரு ஆள். பார்க்கவே இல்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. பார்த்தார். வாசலில் தட்டோடு நின்றவளின் முகம் வந்தது. அதோடு மீன் மார்க்கெட்டில் நின்ற தன் முகமும் வந்தது.

“நம்ம ஆளு யாரும் இல்ல. நீ வந்துரு.”

“செரி, டீச்சர்.”

முக்கில் வண்டியைத் திருப்ப அவன் ஹாரன் அடித்தது போனிலேயே கேட்டது.

நாற்பத்து மூன்று வரைக்கும் முடித்து, ஐயருக்குப் போன் செய்து, “நாப்பத்திரண்டு வீடும் பத்திரம்” என்றார். “ஒங்களால எனக்குப் பாதி பாரம் கொறஞ்சுது டீச்சர்” என்றார் ஐயர். நோட்டை மூடினார். மூடினபிறகுதான் ஆரம்பித்தது. அவளுக்கு மகள் இருக்கிறாள். மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். பக்கத்து வீட்டில் முத்துமாரி இருக்கிறாள், உப்பள வேலைக்குப் போகிறவள், தைரியசாலி, பார்த்துக்கொள்வாள். அரசாங்கம் இருக்கிறது. போனைக் கையில் எடுத்தார், வைத்தார். நான் கூப்பிட்டால் என்ன நினைப்பாள்? மூன்று வருஷமாகக் கூப்பிடாதவள் இன்றைக்கு மட்டும் என்ன என்று கேட்டால்? இப்படியே அரை மணி நேரம் போயிற்று. ஐந்து மணிக்கு நம்பரை அழுத்தினார். டவர் போயிருந்தது.

“யாருக்குப் போடுத?” என்றார் ஞானையா.

“யாருக்கும் இல்ல.”

அப்புறம் காற்று வந்தது. அதுவரைக்கும் அடித்தது காற்றே இல்லை என்று அப்போது தெரிந்தது. கரண்ட் போயிற்று. முருங்கை மரம் முறிந்து காம்பவுண்டு மேல் விழுந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக மழை படுக்கை வாட்டில் உள்ளே வந்தது. இரண்டு பேரும் பழைய சேலை, துண்டு, கோணிப்பை என்று அகப்பட்டதை எல்லாம் ஜன்னலிலும் கதவடியிலும் திணித்தார்கள். தெருவில் எங்கேயோ ஷீட்டுகள் பறந்து விழுந்து உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் டீச்சர் திடுக்கிட்டார். ஓடைக்கரைச் சந்து அரை மைல் தள்ளி இருக்கிறது, அங்கே விழுவது இங்கே கேட்காது என்று தெரியும். இருந்தாலும் ஒவ்வொன்றும் விக்டோரியா வீட்டு ஷீட்டாகத்தான் இருந்தது.

தாங்க முடியாமல் சொல்லிவிட்டார். ஜெயசிங் கேட்டது, தான் சொன்னது, எல்லாம்.

ஞானையா கையில் பிழிந்த துண்டோடு நின்றார். “வண்டி சந்து முக்குல நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“எடமும் இருந்துச்சு.”

“இருந்துச்சு.”

“கோவம்னா கோவமா இரு. ஒன்ன யாரு வேண்டாம்னா? அதுக்கு இந்த நாள்தான் கெடச்சுதா?” என்றார். எப்போதும் பேசுகிற மனுஷன், ஜன்னல் பக்கம் திரும்பித் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அதைவிட நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஜெபம் பண்ண உட்கார்ந்தார். எல்லாரையும் காத்துக்கொள்ளும் என்று ஆரம்பித்தவர் அந்த ‘எல்லாரையும்’ என்ற சொல்லிலேயே ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

விடிந்ததும் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பினார். ஞானையா குடையை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு கூடவே வந்தார். தெருவில் இடுப்பளவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வழியில் நாலைந்து வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து, “டீச்சர், நாங்க நல்லா இருக்கோம். நீங்க போன் போட்டதே பெரிய தெம்பு” என்றார்கள். டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருபத்தேழாம் எண் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. கதவு பூட்டியிருந்தது. பூட்டு வெளியே தொங்கியதைப் பார்த்ததும் டீச்சர் கிட்டப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இல்லை, எங்கோ போயிருக்கிறாள், தப்பித்துவிட்டாள். தப்பித்தது அவளா தானா என்று அந்த நேரத்தில் டீச்சருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்துக் கான்கிரீட் வீட்டிலிருந்து முத்துமாரி எட்டிப் பார்த்தாள்.

“டீச்சரம்மாவா? அக்காவத் தேடியா வந்திய? பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. நேத்துச் சாயங்காலமே கால் ஒடிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரரும் நானும் எங்க உள்கதவக் கழத்தி அதுல வச்சு உள்ள தூக்கிட்டு வந்தோம். காலைலதான் ஃபயர் சர்வீஸ்காரவ வந்து எடுத்துட்டுப் போனாவ.”

“கூரை விழுந்தா?”

“கூரை விழுந்திருந்தாத்தான் பரவால்லியே. மூணு மணி தாண்டி இருக்கும். முக்குல ஏதோ வண்டி ஹாரன் கேட்டுது. கோயில் வண்டி வீடு வீடா ஆளு ஏத்துதுன்னு கேள்விப்பட்டு, அக்கா மத்தியானமே பைய ரெடி பண்ணி வச்சிருந்தாவ. ‘கோயில் வண்டி வந்துட்டு முத்துமாரி’ன்னு கதவப் பூட்டிட்டு ஓடுனாவ. அதுக்குள்ள வண்டி போயிட்டு. நான் எங்க வீட்டுக்கு வாங்கன்னு கையப் புடிச்சுக் கூப்புட்டேன். ‘அடுத்த நட வரும். வந்து ஆளக் காணலன்னா என்னத் தேடுவாவ’ன்னு அங்கனயே மழைல நின்னுட்டாவ. அர மணி நேரம் நின்னாவ. எதித்தாப்புல உள்ள ஷெட்டுல இருந்து தகரம் பறந்து வந்து கால்ல அடிச்சிட்டு.”

ஞானையா டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பிக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு நிறைந்து, வராந்தாவிலும் பாய் போட்டிருந்தார்கள். விக்டோரியாவுக்குக் கட்டில் கிடைத்திருந்தது. காலில் கட்டு, முகம் வீங்கி இருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

“மணி. வந்துட்டியா.”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர். டீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நீ வருவன்னு எனக்குத் தெரியும். நேத்தும் வண்டி அனுப்பினில்லா. நான்தான் பிந்திட்டேன்” என்றாள் விக்டோரியா. “நெறஞ்சிருக்கும், பாவம். பிள்ளைகுட்டிக்காரங்களத்தான மொதல்ல ஏத்தணும். என்ன மாதிரி ஒத்த ஆளு எங்கியாவது ஒதுங்கிக்கிடலாம்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் “ம்” என்றார். ஒரே ஒரு ‘ம்’. பிறகு டிபன் கேரியரைத் திறந்து கஞ்சியை ஊற்றினார். விக்டோரியா அதைக் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்று வேறு சொன்னாள்.

அடுத்த ஒரு வாரம் டீச்சர் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். காலில் பிளேட் வைத்தார்கள். டீச்சர் இளநீர் கொண்டு போனார், துணி துவைத்துக் கொடுத்தார், தலை வாரிவிட்டார். நர்ஸ் ஒருத்தி, “கூடப் பொறந்தவியளா?” என்று கேட்டாள். “அதுக்கும் மேல” என்றாள் விக்டோரியா. செய்யச் செய்யக் குறையும் என்று டீச்சர் நினைத்திருந்தார். கூடிக்கொண்டுதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கிங்ஸ்டன் ஐயர் அறிக்கை வாசிக்கிற நேரத்தில், “நம்ம தேவமணி டீச்சர் ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு விசாரித்தபடியால் நம் சபையில் ஒருவருக்கும் சேதமில்லை” என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் டீச்சரின் கையை அழுத்தினாள். டீச்சர் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிலேயே கண்ணை வைத்திருந்தார். ஆசீர்வாதம் கூறும்வரை இருக்காமல் எழுந்து, காலடியில் வைத்திருந்த டிபன் கேரியரோடு ஆட்டோ பிடித்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

விக்டோரியா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் உட்காரவில்லை.

“வண்டி நெறயல” என்றார்.

“என்ன மணி?”

“அன்னைக்கு வந்த வண்டில எடம் இருந்துச்சு. நாலே பேருதான் இருந்தாவ. ஜெயசிங் எனக்குப் போன் போட்டு, இந்தச் சந்துக்குள்ள நம்ம ஆளு யாரும் உண்டுமான்னு கேட்டான். நான்தான் யாரும் இல்லன்னு சொன்னேன்.”

விக்டோரியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மறந்துட்டியா?”

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு சுலபமான இடம். அவளே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

“இல்ல. ஒம்பேரு நோட்டுல இருந்துச்சு. அடிச்சிருந்தேன். பாத்துக்கிட்டேதான் சொன்னேன்.”

“எப்ப அடிச்சது?”

“நீ ஜெபவீட்டுக்குப் போன அன்னைக்கு.”

“அதான் போன வருசம் வாசல் வரைக்கும் வந்துட்டு...” என்றவள் முடிக்கவில்லை. போர்வையின் ஓரத்தை மடித்தாள், விரித்தாள். பிறகு கேட்டாள்.

“ஸ்கேல் வச்சா அடிச்சிய, டீச்சர்?”

“ஆமா” என்றார் டீச்சர். அழுகை வந்தது. அழுதால் அவள் இரங்கிவிடுவாளோ என்று பயந்து அதையும் அடக்கினார்.

விக்டோரியா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சர் பார்வை நேரம் முடிகிறவரைக்கும் நின்றார். டிபன் கேரியரை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் முத்துமாரி அதைத் திறக்காமலே கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்த வருஷம் கேரல் பிந்தி, இருபத்து மூன்றாம் தேதிதான் கிளம்பினார்கள். வெயில் தாழ்ந்து லைட் போடுகிற நேரம். டீச்சர் புது நோட்டு போட்டிருந்தார். இருபத்தேழாம் எண்ணில் விக்டோரியா பெயரை மற்றப் பெயர்களைப் போலவே நீல மையில் எழுதியிருந்தார். கிளம்புமுன் ஐயர் வீட்டுக்குப் போய் நடந்ததை முழுக்கச் சொல்லி, “நோட்ட இனி வேற யாருட்டயாவது குடுத்துருங்க” என்று கேட்டிருந்தார். “இந்த வருசம் நீங்களே கொண்டு போங்க” என்றார் ஐயர். அவர் அதை மன்னிப்பாகச் சொன்னாரா தண்டனையாகச் சொன்னாரா என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

ஓடைக்கரைச் சந்தில் கரண்ட் வந்திருந்தது. முத்துமாரி வீட்டு வாசலில் டியூப் லைட் எரிந்தது. பக்கத்தில் புது ஷீட்டு போட்ட வீடு இருட்டாக இருந்தது. ஸ்டார் இல்லை. விக்டோரியா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாளாகிறது என்று முத்துமாரி டீச்சரிடம் சொல்லியிருந்தாள்.

“ஆளு இருக்காவளா டீச்சர்? லைட்டக் காணும்” என்றான் ஜெயசிங்.

“இருக்கா. பாடுங்க.”

பாடினார்கள். பெவின் டிரம்மை மெதுவாகத் தட்டினான். பாட்டின் நடுவில் உள்ளே வாக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம் டீச்சருக்குக் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. பாட்டு முடிந்தது. எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் அசையவில்லை, லைட்டும் எரியவில்லை.

ஜெயசிங் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “டீச்சர், அடுத்த வீட்டுக்குப் போவமா?” என்று தணிந்த குரலில் கேட்டான்.

டீச்சர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“இன்னொரு பாட்டுப் பாடுங்க” என்றார்.